டிரோனின் டெலி லென்ஸில் பிசிறில்லாத படம் எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பங்குனி மாதம், மதியம் இரண்டு மணி. உடுமலைப்பேட்டைக்கு வடக்கே குடிமங்கலம் பக்கம் ஒரு வரப்பில் நின்று, டிரோனின் டெலி லென்ஸில், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸில், காற்றாலைகளும் அவற்றுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒரே சட்டகத்தில் வரும்படி அறுபது படங்களுக்கு மேல் எடுத்தேன். ரிமோட்டின் சின்னத் திரையில் எல்லாமே அருமை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால், காற்றாலையின் கோபுரம் ஈரச்சுவரில் சுண்ணாம்பால் இழுத்த கோடு மாதிரி ஊறிப்போய்க் கிடந்தது. லென்ஸ் பழுது என்றே முடிவுகட்டி, சர்வீசுக்கு அனுப்பப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். ஏதோ சோம்பலில் அனுப்பாமல் விட்டதுதான் நல்லதாகப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு முழுக்க மழை. மறுநாள் காலை ஆறே முக்கால் மணிக்கு அதே வரப்பு, அதே டிரோன். எண்ணூறு மீட்டர் தள்ளியிருந்த கோபுரத்தின் அடியில் பெயின்டில் எழுதியிருந்த முழ உயர எண்ணைப் படத்தில் வாசிக்க முடிந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பங்குனியில் நான் படமெடுத்தது காற்றாலையை இல்லை, எங்களுக்கு நடுவே கொதித்துக்கொண்டிருந்த காற்றை.

அதன் பிறகு மூன்று வருடமாக இந்த ஒரு விஷயத்தைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது உண்மையான டெலி லென்ஸா?

திரையில் ‘7 எக்ஸ்’ (ஏழு மடங்கு) என்று வந்தால் அது டெலி லென்ஸாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. என் டிரோன் டி.ஜே.ஐ. மேவிக் 3. 2021 நவம்பரில் வெளிவந்தது. இந்தியாவில் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களுக்கு இறக்குமதித் தடை வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. இதில் 24 மி.மீ. முதன்மைக் கேமராவும் 162 மி.மீ.க்கு நிகரான டெலி கேமராவும் உண்டு. இந்த மி.மீ. லென்ஸின் குவியத்தூரம், எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். ஜூம் பட்டனை 28 எக்ஸ் வரை தள்ளலாம். ஆனால் டெலி லென்ஸ் நிஜமாகத் தருவது 7 எக்ஸ்தான். அதற்கு மேல் போவதெல்லாம் அதே படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் நாமே இன்னும் நன்றாகச் செய்துகொள்ளலாம். 7 எக்ஸுக்குக் கீழே 2, 4 என்று வைத்தால் வேலை செய்வது முதன்மைக் கேமராவின் அகன்ற லென்ஸ், அதுவும் வெட்டப்பட்டு.

ஏர் 3, ஏர் 3 எஸ் இரண்டிலும் 70 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, அங்கே உண்மையான நிறுத்தம் 3 எக்ஸ். மேவிக் 3 ப்ரோவில் 70, 166 என இரண்டு டெலி. 2025-ல் வந்த மேவிக் 4 ப்ரோவில் 70-ம் 168-ம். எந்த மாடலாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: லென்ஸ் மாறும் எண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள், அதில் மட்டும் நில்லுங்கள்.

இன்னொன்று. டெலி கேமராவின் சென்சார் பெரும்பாலும் முதன்மைக் கேமராவினுடையதைவிடச் சிறியது. மேவிக் 3-ல் முதன்மை சென்சார் 4/3 அங்குல வகை, 20 மெகாபிக்சல். டெலியில் 1/2 அங்குலம், 12 மெகாபிக்சல், எஃப் 4.4. எஃப் எண் குறிக்கும், ஒளி நுழையும் துளையை மாற்றவும் முடியாது. ஆகவே அகன்ற லென்ஸ் படத்தின் மொழுமொழுப்பை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெளிவந்த புதிதில் இதில் ரா படமே (கேமரா கைவைக்காத மூலப்படம்) எடுக்க முடியாது. பிறகு வந்த ஃபர்ம்வேரில்தான் (டிரோனுக்குள் ஓடும் மென்பொருள்) அந்த வசதி கிடைத்தது. பழைய ஃபர்ம்வேரில் ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

கெட்டுப்போன படத்தை முதலில் படியுங்கள்

படம் மங்கினால் எல்லோரும் கேட்பது, ‘ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?’ அதாவது, படம் பதிய எவ்வளவு நேரம் ஒளியை விடுவது என்று. அதற்கு முன்னால், மங்கல் எந்த ஜாதி என்று பார்க்கவேண்டும். பழைய படங்களில் பத்தை எடுத்து நூறு சதவீத அளவில் வைத்துப் பாருங்கள்.

மின்கம்பி, கோபுரத்தின் ஓரம், இலை நுனி எல்லாமே ஒரே திசையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் ஆட்டம். படுக்கைக்கோடுகள் கூர்மையாகவும் நெடுக்கைக்கோடுகள் மட்டும் இரட்டையாகவும் தெரிந்தால் டிரோன் இடவலமாகத் திரும்பியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் கேமராவைத் தாங்கி நிலைநிறுத்தும் கிம்பல் மேலும் கீழும் ஆடியிருக்கிறது.

நேராக இருக்கவேண்டிய கோபுரம் நெளிந்து, ஒரு இடம் தெளிவாகவும் பக்கத்திலேயே ஒரு இடம் குழைந்தும் இருந்தால், அடுத்தடுத்த படங்களில் அந்தக் குழைவு இடம் மாறினால், அது கானல், சூடான காற்றின் நெளிவு. ஷட்டரை எவ்வளவு ஏற்றினாலும் போகாது. என் பங்குனிப் படங்கள் இந்த வகை.

தூரத்துக் கோபுரம் மங்கி, முன்னால் நிற்கும் தென்னை மட்டும் ஓலை ஓலையாகத் தெரிந்தால் ஃபோக்கஸ் பிழை. எல்லாமே வாட்டர்கலர் பூசியது போல வழவழவென்று இருந்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) அதிகம், அதனால் வரும் புள்ளிகளை, ஜேபெக்கில் எடுத்திருந்தால் கேமராவே தேய்த்துவிட்டிருக்கிறது. முழுப் படத்திலும் பால் ஊற்றியது போல வெளுப்பு இருந்தால் பனிமூட்டம் அல்லது தூசு. லென்ஸில் கைரேகை படிந்திருந்தாலும் இப்படித்தான் வரும், அதை முதலில் துடையுங்கள்.

இந்தப் பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். வயிற்றுவலிக்குத் தலைவலி மாத்திரை போட்ட கதையாகிவிடும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

டிரோன் அந்தரத்தில் லேசாக நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் படம் ஆடுகிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் தெளிந்தது.

162 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் பார்ப்பது சுமார் 12 டிகிரி. அதை 4,000 பிக்சல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்சலுக்கு 0.003 டிகிரி. எண்ணூறு மீட்டர் தொலைவில் சட்டகத்தின் அகலம் ஏறக்குறைய 170 மீட்டர். ஒரு பிக்சல் என்பது அங்கே நாலே கால் சென்டிமீட்டர்.

இப்போது டிரோன் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நழுவுகிறது என்று வையுங்கள். ஷட்டர் 1/100 என்றால் அந்த நேரத்தில் அது நகர்வது 5 மில்லிமீட்டர். ஒரு பிக்சலில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கே தெரியாது. அதே டிரோன் நொடிக்கு ஒரு டிகிரி மட்டும் திரும்பினால்? 1/100 நொடியில் 0.01 டிகிரி, அதாவது மூன்று பிக்சலுக்கு மேல். படம் போயிற்று. 1/800 வைத்தால் அரை பிக்சலுக்கும் குறைவு.

நமக்கு எதிரி நழுவல் இல்லை, திரும்பல். அகன்ற லென்ஸில் இதே திரும்பல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ‘போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு’ என்று தோன்றுகிறது. 70 மி.மீ. லென்ஸில் 12 மெகாபிக்சலில் எடுத்தால் 162-ஐவிட இரண்டு மடங்கு பொறுத்துக்கொள்ளும். 48 மெகாபிக்சலில் எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

கிளம்புவதற்கு முன்

இறக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். நுனியில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அகன்ற லென்ஸில் தெரியாத நடுக்கம் டெலியில் தெரியும். கிம்பலைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே விழுந்து எழுந்த டிரோன் என்றால் சமதரையில் வைத்து கிம்பல் கேலிபரேஷன் செய்துவிடுங்கள்.

ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அது வீடியோவுக்கு ஷட்டரைக் குறைக்கத்தான். நமக்கு வேண்டியது நேரெதிர். மலிவான ஃபில்டர் கண்ணாடி அகன்ற லென்ஸில் தப்பித்துவிடும், டெலியில் படத்தையே குழப்பிவிடும். ஆன்லைனில் ஆறு ஃபில்டர் கொண்ட செட் ஒன்று வாங்கி இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆப்பில் இரண்டு மாற்றங்கள். டிரோன் திரும்பும் அதிகபட்ச வேகத்தையும் கிம்பல் சாயும் வேகத்தையும் பாதிக்கும் கீழே குறையுங்கள். அல்லது ரிமோட்டில், டிரோன் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யும் சினி மோடுக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் 162-ல் குச்சியைத் தொட்டதுமே காற்றாலை சட்டகத்தைவிட்டு ஓடிவிடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் 2021-ன் டிரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ வகை, பதிவு எண் வேண்டும். வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அரசின் டிரோன் வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, கண் பார்வைக்குள். எங்கள் பக்கம் சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் வரைபடத்தைப் பார்க்காமல் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை. தெற்கே மலை தொடங்கும் இடத்தில் ஆனைமலை புலிகள் காப்பகம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் டிரோன் கூடாது. டெலி லென்ஸின் அருமையே இங்கேதான்: மலை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கட்டும், டிரோன் என் தலைக்கு மேலேயே நிற்கட்டும்.

எங்கே, எப்போது

இந்தப் பகுதியைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள். பாதி வெற்றி இதில் இருக்கிறது.

வெயில் ஏறியதும் தரை சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து குமிழியிடத் தொடங்கும். ஒளி அதற்குள் நுழைந்து வளைந்து வளைந்து வரும். எல்லாத் தரையும் ஒரே மாதிரி இல்லை. தார்ச்சாலை மோசம். கோழிப்பண்ணைக் கொட்டகையின் தகரக்கூரை அதைவிட மோசம். எங்கள் ஊரில் அது எங்கே திரும்பினாலும் இருக்கும். உழுது காய்ந்துகிடக்கும் கரிசல் நிலமும் அப்படியே. தென்னந்தோப்பும் தண்ணீர் பாய்ச்சிய வயலும் எவ்வளவோ தேவலை. நிற்கும் இடத்திலிருந்து காற்றாலை வரை ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நின்றாலே கூரையைத் தவிர்த்துவிடலாம்.

கானல் தரையை ஒட்டித்தான் அதிகம். ஆகவே பத்து மீட்டரிலிருந்து நாற்பது, ஐம்பது மீட்டருக்கு ஏறினால் கோபுரத்தின் மேல்பாதி சட்டென்று தெளியும். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும். நான் வழக்கமாக நாற்பது மீட்டரில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏறி, ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு படம் எடுத்துப் பார்ப்பேன்.

நேரம்: விடிந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. மழை விட்ட மறுநாள் என்றால் தூசும் அடங்கியிருக்கும், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையின் மடிப்புகூடத் தெரியும். மாலை வெளிச்சம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய தரை அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். முழுக்க மேகம் மூடிய நாளில் பத்து மணிக்குக்கூட எடுக்கலாம்.

மாதம்: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 895 கிராம் டிரோன் என்ன செய்யும்? மேவிக் 3 நொடிக்கு 12 மீட்டர் காற்றைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது விழாமல் நிற்பதற்கு. கூர்மையான டெலி படத்துக்கு அதில் பாதியே அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும் ஆனி, ஆடி, ஆவணியில் நான் அகன்ற லென்ஸோடு திருப்திப்பட்டுக்கொள்வேன். ஐப்பசி முதல் தை வரை நமக்கான காலம்.

காற்றாலை இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒன்று: சுழலும் இறக்கையைத் தாண்டி வரும் காற்று வெகுதூரம் கலங்கியபடியே வரும். காற்று மேற்கிலிருந்து வந்தால், காற்றாலைக்குக் கிழக்கே டிரோனை நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு தூரம்? கானலுக்கு மருந்து, காற்றாலைக்குக் கிட்டப் போவதுதான். ஆனால் மலை பெரிதாகத் தெரியவேண்டுமானால் காற்றாலையைவிட்டுத் தள்ளிப் போகவேண்டும். மலையின் அளவு மாறாது, காற்றாலைதான் சிறுக்கும். 162 மி.மீ.யில் எண்ணூறு மீட்டரிலிருந்து பார்த்தால் சட்டகத்தின் உயரம் சுமார் 130 மீட்டர், ஒரு பெரிய காற்றாலை நெருக்கமாக அடங்கிவிடும். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போனால் காலை ஏழு மணிக்கே நெளிவு தெரியத் தொடங்கும். எனக்குத் தோதான தூரம் 600 முதல் 1,000 மீட்டர்.

மேலே போனபின்: வரிசையாக

1. அகன்ற லென்ஸில் சட்டகத்தைக் கட்டுங்கள். காற்றாலை நடுவில் வந்தபின் 7 எக்ஸுக்கு மாறுங்கள். டெலியிலேயே தேடினால் பேட்டரிதான் தீரும்.

2. ப்ரோ மோட் (எல்லாவற்றையும் நாமே வைப்பது), ரா. ஷட்டர் 1/800. விடிந்து அரை மணியில் எஃப் 4.4-க்கு ஐ.எஸ்.ஓ. 400 வேண்டியிருக்கும், வெளிச்சம் ஏற ஏற 200, 100 என இறக்குங்கள். ஷட்டரை 1/400-க்குக் கீழே விடாதீர்கள். புள்ளிகளைப் பின்னால் குறைக்கலாம், ஆட்டத்தை எடுக்க முடியாது. காற்றாலை இறக்கையின் நுனி நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் போகும். 1/800-ல்கூட அது ஆறு சென்டிமீட்டர் நகரும், ஒன்றரை பிக்சல். அது பரவாயில்லை, பார்க்க நன்றாகவே இருக்கும்.

3. கோபுரத்தின் உச்சிக்கும் வானத்துக்கும் நடுவே இருக்கும் விளிம்பைத் தொட்டு ஃபோக்கஸ் செய்யுங்கள். வெறும் வானத்தையோ மங்கலான மலையையோ தொட்டால் கேமரா முன்னும் பின்னும் தடுமாறும். பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். குளிரில் ஏற்றிய லென்ஸ் வெயில் பட்டதும் லேசாக மாறும்.

4. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் இடிக்காமல், வெளிச்சம் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் என்பது பாதி வெளிச்சம்). வெள்ளைக் கோபுரத்தில் வெயில் அடித்தால் சட்டென்று வெளுத்து வெந்துவிடும்.

5. குச்சிகளைவிட்டு இரண்டு கட்டைவிரலையும் எடுங்கள். ரிமோட் உங்கள் கையில் எவ்வளவு ஆடினாலும் படம் ஆடாது. ஆனால் விரல் குச்சியில் லேசாகப் பட்டாலே டிரோன் திரும்பிவிடும். விரலை எடுத்தபின் ஐந்து வரை எண்ணுங்கள். நின்ற டிரோன் முழுதாக அடங்க அவ்வளவு நேரமாகும்.

6. பக்கவாட்டில் காற்று அடித்தால் டிரோன் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அப்படியானால் இருபது மீட்டர் இறங்குங்கள், அல்லது காற்று முகத்துக்கு நேராக வரும் வேறொரு கோணம் தேடுங்கள். காற்று எப்போதும் அலை அலையாகத்தான் வரும். கீழே சோளத்தட்டு ஆடுவதைப் பாருங்கள். அது நிற்கும்போது அழுத்துங்கள்.

7. இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று இடைவெளி மோடில் வைத்து, பத்துப் பன்னிரண்டு எடுக்கவிடுங்கள். கானல் இருக்கும் நாளில் இதை இருபதாக்குங்கள். காற்று ஒரு கணம் அமைதியாகும் நேரத்தில் விழுந்த படம் ஒன்றாவது தேறும்.

8. ஒரு கோணம் முடிந்ததும் அங்கேயே ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரிமோட்டில் முதலில் வருவது சுருக்கிய முன்னோட்டம். முழுப்படம் இறங்கும்வரை பொறுங்கள். என் அறுபது படங்களும் போனது இந்த இருபது நொடிப் பொறுமை இல்லாமல்தான்.

வீட்டில்

தேறிய படங்கள் எட்டு, ஒன்பது இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுங்கள். சிறிய சென்சாரின் புள்ளித்தொல்லைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. நான்கு படத்தைச் சராசரி எடுத்தால் புள்ளிகள் பாதியாகும், ஒன்பது என்றால் மூன்றில் ஒரு பங்காகும். ஃபோட்டோஷாப்பில் எல்லாப் படங்களையும் லேயர்களாகத் திறந்து, ஆட்டோ அலைன் கொடுத்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, ஸ்டாக் மோடில் மீடியன் தேர்ந்தெடுங்கள். அது சராசரிக்குப் பதில், ஒவ்வொரு பிக்சலிலும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும்.

கூர்மையாக்கும் ஸ்லைடரைக் கடைசியில் மட்டும் தொடுங்கள், அதுவும் மற்ற இடங்களை மறைக்கும் மாஸ்க் போட்டு, விளிம்புகளுக்கு மட்டும். மூட்டம் நீக்கும் ஸ்லைடரை மலையில் மட்டும் பூசுங்கள். படம் முழுக்கப் பூசினால் வானம் புண்ணாகிவிடும். இணையத்தில் போட 2,000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே போதும், மிச்சமிருக்கும் சின்னக் குழைவுகள் மறைந்துவிடும்.

அடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஐப்பசிக் காலையில் எடுத்த ஒன்பது படங்களை முதன்முதலாக மீடியனில் அடுக்கினேன். மலை மடிப்பு மடிப்பாக, கோபுரம் கத்தி மாதிரி, வானத்தில் ஒரு புள்ளி இல்லை. பெருமையாக, நிலத்துக்காரத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “படம் சூப்பருங்ண்ணா. ஆனா காத்தாடிக்கு றெக்கையவே காணோமுங்களே?”

ஒன்பது படத்திலும் இறக்கை ஒன்பது இடத்தில் இருந்ததால் மீடியன் அதைத் துடைத்துத் தள்ளிவிட்டது. நடுவே இருக்கும் கூம்பு மட்டும் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அடுக்கி முடித்ததும் ஒன்பதில் நல்லதாக ஒரு படத்தை மேல் லேயராக வைத்து, இறக்கை இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க்கில் வெளியே கொண்டுவந்துவிடுகிறேன்.